ஊட்டிச் செடி மசினகுடியில் நிற்கவில்லை. வெயில் தாங்கும் பல வருஷச் செடி எது?

கல்லட்டி கண்டக்டர்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்து வளர்ந்தது ஊட்டி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். முழங்காலுக்கு ஊட்டிக் குளிர் ஒத்துவரவில்லை என்று, போன வருஷம் மசினகுடிப் பக்கம் மாவனல்லா போகிற வழியில் எட்டு சென்ட்டில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டோம். கல்லட்டி வழியாக முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் வேறு நாடு. ஊட்டி 2,240 மீட்டர், இங்கே சுமார் ஆயிரம். என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன், தலைகுந்தாவில் ஸ்வெட்டரும் மப்ளருமாக ஏறுகிறவர்கள் 36 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் எல்லாவற்றையும் கழற்றி மடியில் வைத்திருப்பார்கள். வளைவை எண்ணவே வேண்டாம், மப்ளர் கழன்றால் பாதி வழி. ஆள் கழற்றிக்கொள்கிறான், செடி என்ன செய்யும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அப்பா பொட்டானிக்கல் கார்டனில் மாலி. மே மாத மலர்க் கண்காட்சிக்குத் தொட்டி அடுக்கி அடுக்கியே இடுப்பு போனவர். அவர் கையால் வைத்த ஹைட்ரேஞ்சியாவிலிருந்து குச்சி எடுத்து வளர்த்த நாலு தொட்டி, ஃபுக்சியா மூன்று, ஜெரேனியம் ஐந்தாறு, ஒரு கூடை அகபாந்தஸ் கிழங்கு, எல்லாவற்றையும் ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தேன்.

ஃபுக்சியா மாசி முடிவதற்குள் போய்விட்டது. ஜெரேனியம் முதல் கோடை மழையில் அடித்தண்டு கறுத்து அழுகியது. அகபாந்தஸ் உயிரோடு இருக்கிறது, ஆனால் வெறும் இலை, இதுவரை ஒரு பூத்தண்டு கூட எட்டிப் பார்க்கவில்லை. ஹைட்ரேஞ்சியாதான் மனசைக் கஷ்டப்படுத்தியது. மத்தியானம் இரண்டு மணிக்கு இலையெல்லாம் ஈரத்துணி மாதிரி தொங்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்துகொள்ளும். தினமும் இதே கதை. பங்குனியில் ஒரு நாள் ஆறு மணிக்கு எழவில்லை. மூன்று தொட்டி அப்படிப் போனது, ஒன்று பாக்கி.

சரி, வெயில் தாங்குகிற செடி வாங்குவோம் என்று இன்டர்நெட்டில் தேடினால், எல்லாம் ஜோன் ஒன்பது, ஜோன் பத்து என்று அமெரிக்கப் பட்டியல். அதிலிருந்து லாவெண்டரும் இன்னும் இரண்டு மூன்றும் ஒரு நர்சரியில் வாங்கி வைத்தேன். நாற்றுக்கு எண்பது ரூபாய் போட்டான். அதில் மூன்று மாதம் தாண்டியது எதுவும் இல்லை.

என் இடம்: செம்மண், சரளை கலந்தது. மேற்கே மறைப்பு கிடையாது, பின்மதிய வெயில் நேராக அடிக்கும். போர் தண்ணீர் உண்டு, கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை மணி நேரம். ராத்திரி புள்ளிமான் கம்பி வேலியைத் தாண்டி வருகிறது. வருஷா வருஷம் புதுசாக நட என் முழங்கால் இடம் கொடுக்காது. ஒரு தடவை நட்டால் அஞ்சாறு வருஷம் நிற்க வேண்டும். வீட்டுக்காரிக்கு சாமிக்கும் தலைக்கும் பூ வேண்டும். இதற்கு என்ன வைக்கலாம்?

குன்னூர் ரோஜா:

ஹைட்ரேஞ்சியாவை விட்டுவிடாதீர்கள் சார். பச்சை நிழல்வலை கட்டி, காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் விட்டால் பிழைக்கும். நான் குன்னூரில் அப்படித்தான் வைத்திருக்கிறேன், நீலமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது.

வாழைத்தோட்டத்து அக்கா:

குன்னூர் தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதே. குன்னூரில் நிழல்வலையே இல்லாமல் பூக்கும் அது. மலை மண் புளிப்பு மண், அதனால்தான் நீலம். இங்கே சூட்டில் இரண்டு வேளையும் தண்ணீர் விட்டால் வேர் வெந்து அழுகும்.

கண்டக்டர் அண்ணா, நான் இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்து 26 வருஷம். வீட்டுக்குப் பின்னால் குச்சி ஊன்றி, பையில் வளர்த்து, கேட்கிறவர்களுக்குக் கொடுப்பேன். பெரிய நர்சரி எல்லாம் இல்லை, மொத்தம் இருநூறு பை இருக்கும். நானும் கோத்தகிரியில் இருந்து வந்தவள்தான். உங்கள் ஃபுக்சியா கதை என் முதல் வருஷக் கதை.

நாம் பகல் வெயிலை மட்டும்தான் பார்க்கிறோம். மலைச்செடியைத் தீர்த்துக்கட்டுவது ராத்திரி. என் பையன் விவசாயப் படிப்பு படித்தவன், அவன் சொல்லித்தான் எனக்கே விளங்கியது. செடி பகலில் இலையில் சமைத்ததை ராத்திரியில் கொஞ்சம் செலவழித்து மூச்சு விடுகிறது. ராத்திரி புழுக்கமாக இருந்தால் மூச்சு கூடும், செலவு கூடும், சேமிப்பு தேயும். ஊட்டியில் என்ன வெயில் அடித்தாலும் ராத்திரி குளிர்ந்துவிடும். இங்கே சித்திரையில் ராத்திரி பத்து மணிக்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். அதனால் வலை கட்டிப் பகலை மறைத்தால் மட்டும் போதாது.

நான் செய்தது என்னவென்றால், பங்குனி கடைசியில் ஒரு நாள் ரோட்டோரமாக நடந்துபோய், யாரும் தண்ணீர் ஊற்றாமல் எது பச்சையாக நிற்கிறது என்று பார்த்தேன். அண்ணா, நீங்கள் பஸ்ஸில் இருந்தே முப்பது வருஷம் பார்த்திருப்பீர்கள், மஞ்சளாக ஆவாரை. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று மனுஷனுக்குச் சொன்னது, செடிக்கும் சரியாகவே இருக்கிறது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேறு யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம். ஆடு மாடு அவ்வளவாகச் சீண்டாது. ஒன்று மட்டும் கவனம். ஆணிவேர் ஆழமாகப் போகிற செடி, பையில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் முகம் சுளிக்கும். விதையை வெந்நீரில் போட்டு ராத்திரி ஊறவைத்து, நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள்.

மேற்குப் பக்கம் திறந்து கிடக்கிறது என்கிறீர்களே, அங்கே நொச்சியும் ஆடாதோடையும் வரிசையாகக் குச்சி ஊன்றுங்கள். ஆடாதோடைக்குப் பேரே ஆடு தொடாத இலை என்பதுதான். என் வேலியில் மானும் தொட்டதில்லை. இரண்டும் இரண்டு வருஷத்தில் ஆள் உயரம் வந்து பின்மதிய வெயிலை வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு உள்ளே நீங்கள் வைக்கிற எதுவும் பாதிக் கஷ்டத்தில் வளரும். வேலியை முதலில் போடாமல் பூச்செடியை முதலில் வைத்ததுதான் நான் செய்த தப்பு, இரண்டு வருஷம் வீணாயிற்று. சளி பிடித்தால் நொச்சி இலை ஆவி பிடிக்கலாம், அது தனி.

தலைக்குப் பூ என்றால் டிசம்பர் பூ. என் அனுபவத்தில் இதைவிடச் சொன்னபடி கேட்கிற செடி கிடையாது. ஒரு சாண் குச்சி, ஐப்பசி மழையில் ஊன்றினால் போதும். கார்த்திகை மார்கழியில் பூக்கும். பொங்கல் முடிந்ததும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள், கோடை முழுக்கச் செத்த மாதிரி நிற்கும், பயப்படாதீர்கள். தூங்குகிறது. மல்லிகை இதற்கு நேர் எதிர். வெயில் ஏற ஏறத்தான் பூக்கும், கார்த்திகையில் கவாத்து செய்தால் பங்குனியில் பூ. ஆனால் முதல் வருஷம் கூடையைக் கவிழ்த்து மூடிவைக்க வேண்டியிருந்தது, மான் தளிரை விடவில்லை. கனகாம்பரம் வேண்டுமென்றால் அரை நிழலில் வையுங்கள், டெல்லி கனகாம்பரமாகப் பார்த்து. அது விதை வைக்காது, குச்சிதான். செம்பருத்தி மானுக்குப் பிரியாணி. வைத்தே ஆக வேண்டுமென்றால் சமையலறைக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் வையுங்கள்.

நித்தியகல்யாணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மடகாஸ்கரில் இருந்து வந்த செடி, இங்கே சொந்த ஊர் மாதிரி நிற்கும். கசப்பு, எந்தப் பிராணியும் வாய் வைக்காது. ஒரு செடி மூன்று நாலு வருஷம்தான், ஆனால் விதை விழுந்து தானாகவே அடுத்தது வந்துவிடும். சுடுகாட்டு மல்லி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அதிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள், சுளித்த முகம் கொஞ்சம் இறங்கும்.

இரண்டு செடி மட்டும் தயவுசெய்து வேண்டாம். ஒன்று, நர்சரியில் கலர் கலராக விற்கிற லண்டானா. வெயில் தாங்கும் செடிப் பட்டியல் எதை எடுத்தாலும் முதலில் அதுதான் இருக்கும். நம்மைச் சுற்றிக் காட்டையே விழுங்கிக்கொண்டிருக்கிற உண்ணிச்செடி அதுதான் அண்ணா, சாந்துப்பொட்டு வைத்து விற்கிறான். இன்னொன்று, வாழை. நீங்கள் ஊட்டிக்காரர், தெரியாமல் நாலு கன்று வைத்துவிடுவீர்கள். யானைக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்ட மாதிரி. பலாவும் அப்படித்தான்.

இப்போது சித்திரை, எதையும் நடாதீர்கள். ஒன்றரை அடிக் குழி எடுத்து வெயில் காயவிடுங்கள். இங்கே தென்மேற்கு மழை மலையிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு வரும், ஆடியில் மேகம்தான் பார்க்கலாம். நமக்கு மழை ஐப்பசிதான். புரட்டாசிக் கடைசியில் ஒரு கூடை மக்கின சாணம் போட்டு மூடிவிட்டு, முதல் நல்ல மழைக்கு அப்புறம் நடுங்கள். நம் ஊர்ச் சாணம் லாரி ஏறிக் காப்பித் தோட்டத்துக்குப் போகிறது, உங்களுக்கு ஒரு கூடை கிடைக்காதா என்ன.

கேத்திப் பையன்:

ஒரு சின்ன விஷயம் சார். அந்த அமெரிக்கப் பட்டியலில் ஜோன் என்று போடுகிறார்களே, அது ஓர் ஊரில் குளிர்காலத்தில் சராசரியாக எவ்வளவு கீழே குளிர் இறங்கும் என்பதை வைத்துப் போட்டது. வெயிலை அது கணக்கிலேயே எடுப்பதில்லை. அங்கே ஹார்டி என்றால் பனியில் சாகாதது என்று அர்த்தம். ஊட்டியில் மார்கழி உறைபனிக்கு அந்த எண் உதவும், மசினகுடிக்கு உதவாது. குளிர்நாட்டுப் பல்லாண்டுச் செடி பனிக்காலத்தில் மண்ணுக்குள் போய் ஓய்வெடுக்கும். நம் ஊர்ச் செடி ஓய்வெடுப்பது கோடையில். அக்கா டிசம்பர் பூவைப் பற்றிச் சொன்னது அதுதான்.

அப்புறம், யாராவது நீலக்குறிஞ்சி வையுங்கள் என்று சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். 2018-ல் பூத்தது, அடுத்து 2030. பூத்துவிட்டுச் செத்துப்போகும். அதுவும் மேட்டு மலைச் செடி. சார் வீட்டில் வேண்டாம்.

ஆயக்குடிக்காரன்:

பழனி மலைக்கு அடியில் இருந்து எழுதுகிறேன், எங்களுக்கு உங்களைவிட வெயில் ஜாஸ்திங்க. நான் சொல்வது இரண்டு.

செவ்வரளி. நாலுவழிச் சாலை நடுவில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள், லாரிப் புகையில் நின்று பூக்கிறது. சாமிக்கும் ஆகும். மான் தொடாது.

அடுத்து செங்காந்தள். எங்கள் பக்கம் கண்வலிக்கிழங்கு என்போம், ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் விதைக்காக வயலிலேயே போடுகிறார்கள். மாநில மலர்தான், ஆனால் வீட்டில் வைக்கிறவர்கள் குறைவு. கிழங்கு கலப்பை மாதிரி இரண்டாகப் பிரிந்து இருக்கும். அந்த முனையில்தான் முளை. முனை ஒடிந்த கிழங்கு முளைக்காது, வாங்கும்போது அதை மட்டும் பாருங்கள், விற்கிறவன் மற்றதெல்லாம் சொல்வான் இதைச் சொல்ல மாட்டான். மழைக்கு முளைத்து, இலை நுனியையே சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வேலியில் ஏறும். பூ பச்சையாகத் தொடங்கி மஞ்சளாகி, அடியில் மஞ்சள் மேலே சிவப்பாகி, கடைசியில் முழுக்கச் சிவந்துவிடும். ஒரே கொடியில் ஒரே நாளில் இத்தனை நிறமும் பார்க்கலாம். தை மாசம் கொடி காய்ந்துவிடும். பிடுங்கிப் போடாதீர்கள், கீழே கிழங்கு இருக்கிறது. கோடையில் அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் தேவையில்லை, ஊற்றினால்தான் அழுகும். அரை மணி நேரப் போர் தண்ணீர்க்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் கிழங்கு கடும் விஷம். பேரன் பேத்தி வருகிற வீடு என்றால் எட்டாத வேலி ஓரத்தில் வையுங்கள், நட்ட கையை நன்றாகக் கழுவுங்கள்.

தண்ணீருக்கு: சுட்ட மண்பானை, மெருகு பூசாதது, செடிக்கு ஒரு முழம் தள்ளிக் கழுத்து வரை புதைத்து நிரப்பி மூடி போட்டுவிடுங்கள். நாலைந்து நாள் கசிந்துகொண்டே இருக்கும். வேர் பானையைத் தேடிப் போகும். சுற்றிலும் சருகு மூடாக்கு நாலு விரல் கனம். கறுப்பு குரோபேக் மட்டும் வேண்டாங்க, வெயிலில் பைக்குள் வேர் வெந்துவிடும்.

வாழைத்தோட்டத்து அக்கா:

தம்பி, கண்வலிக்கிழங்கு அருமையான யோசனை, எனக்கே தோன்றவில்லை. ஆனால் அரளி இங்கே வேண்டாம். உங்கள் ஊரில் தோட்டத்துக்கு வேலி, மாட்டுக்குக் கயிறு. இங்கே மாடு பகல் முழுக்க அவிழ்த்துவிட்டுத்தான் மேய்கிறது. பச்சையாக நிற்கும்போது மாடு வாய் வைக்காது, சரி. கவாத்து செய்து தெருவில் எறிந்தால்? காய்ந்த அரளி இலைக்கும் விஷம் போகாது, ஆனால் வைக்கோலோடு வைக்கோலாகப் போய்விடும். எங்கள் தெருவில் ஒரு கறவை மாடு அப்படித்தான் போனது. காலையில் பால் கறந்திருக்கிறார்கள், மத்தியானம் இல்லை. யார் வீட்டு அரளி என்று ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. சாமிப் பூவுக்கு நந்தியாவட்டை வையுங்கள் அண்ணா. அது அரை வெயிலிலும் வருஷம் முழுக்கப் பூக்கும்.

ஆயக்குடிக்காரன்:

அக்கா சொல்வது நியாயம். வெட்டினதைப் புதைத்துவிட்டால் போச்சு என்று எழுத வந்தேன், ஆனால் யார் புதைக்கிறார்கள்? அரளியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கல்லட்டி கண்டக்டர்:

எல்லோருக்கும் நன்றி. மாசி பிறந்துவிட்டது, நட்டு மூன்று மாதம் தாண்டிவிட்டது, நிலவரம் சொல்லாமல் இருக்கக்கூடாது.

பாக்கியிருந்த ஒரு ஹைட்ரேஞ்சியாவை வைகாசியில் பஸ்ஸிலேயே மடியில் வைத்து ஊட்டிக்குக் கொண்டுபோய்த் தங்கச்சி வீட்டு வாசலில் வைத்துவிட்டேன். டிக்கெட் கொடுத்த கண்டக்டர் என்னிடம் வேலை பழகிய பையன், 'அண்ணே, செடிக்கு லக்கேஜ் போடட்டுமா' என்றான். ஆவணியில் போய்ப் பார்த்தேன், மூன்று கொத்து நீலம்.

வேலிக்கு நொச்சிக் குச்சி நாற்பது ஊன்றினேன், முப்பதுக்கு மேல் தழைத்துவிட்டது. ஆடாதோடை அக்கா வீட்டில் இருந்தே வாங்கினேன், காசு வாங்க மறுத்துவிட்டார், பதிலுக்கு ஊட்டி கேரட் ஒரு பை. ஆவாரை விதை ஊன்றியதில் பாதி முளைத்தது. செங்காந்தள் கிழங்கு வாங்கப் போனேன், விற்கிறவர் ஆயக்குடித் தம்பி சொன்ன மாதிரியே முனையைத் தவிர எல்லாவற்றையும் பற்றிப் பேசினார். ஆறு கிழங்கைப் புரட்டிப் பார்த்து நாலைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் வாங்கியதே ஐப்பசி, முளைத்து ஒரு முழம் வந்து காய்ந்துவிட்டது. மண்ணுக்குள் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்தில் யாரும் தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது என்று ஒரு செங்கல் வைத்திருக்கிறேன்.

நித்தியகல்யாணிக்கு வீட்டுக்காரி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, சுடுகாட்டுப் பூ வாசலில் எதற்கு என்றாள். அக்கா சொன்ன மருந்து விஷயத்தைச் சொன்னேன். வாசலில் வேண்டாம், பின்னால் வைத்துக்கொள் என்கிற அளவுக்கு இறங்கி வந்தாள். இப்போது பின்னால்தான் வீட்டிலேயே அதிகப் பூ.

டிசம்பர் பூக் குச்சி எட்டு ஊன்றினேன். ஆறு நன்றாக இருக்கிறது, நட்ட வருஷமே நாலு முழம் கட்டும் அளவுக்குப் பூத்தது. ஏழாவதை மான் மிதித்துவிட்டது. எட்டாவதை வீட்டுக்காரி வேர் விட்டிருக்கிறதா என்று பிடுங்கிப் பார்த்தாள். விட்டிருந்தது.